மதுரை வாயிலில் அறைந்த தலைகள்

(நாரணாபுரத்தில் தமிழன்பர் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. எழுத்தாக்கும்போது சில இடங்கள் சுருக்கவும் சில இடங்கள் விளக்கவும் பெற்றுள்ளன.)

பகலெல்லாம் பட்டறையிலும் அச்சகத்திலும் உழைத்துவிட்டு, மருந்துத் தூள் கையிலிருந்து முழுதும் கழுவப்படாமலேயே இங்கு வந்தமர்ந்திருக்கும் இளைஞர்களே!

இன்று நான் பேசுவதற்கென எண்ணி வந்த பொருள் வேறு. அதை மாற்றியவர் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு தம்பி. நாட்காட்டி அச்சிடும் இடத்தில் வேலை பார்க்கிறார். கூட்டத்திற்கு முன் தேநீர்க் கடையில் என்னைக் கண்டு, “ஐயா, செருமனிப் பேரரசன் ஒருவன் போப்பரசரின் கோட்டை வாயிலில் பனியில் வெறுங்காலோடு மூன்று நாள் நின்றானாமே, நம் நாட்டில் எந்த அரசனாவது எந்தச் சமயத் தலைவர் முன்னாவது அப்படி நின்றதுண்டா?” என்று கேட்டார். இரண்டு சொல்லில் விடையிறுத்துவிட்டு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, இதை விட்டால் நம் 12-ஆம் நூற்றாண்டைப் பற்றிப் பேச வேறொரு நல்ல வாய்ப்பு வராது என்று தோன்றியது.

தம்பி சொன்னது உண்மையே. நான்காம் என்றி என்னும் அப் பேரரசன், ஏழாம் கிரிகோரி என்னும் போப்பரசர் முன் கனோசா என்ற கோட்டையில் அவ்வாறு நின்றது 1077-ஆம் ஆண்டு சனவரியில். பேராயர்களை அமர்த்தும் உரிமை அரசனுக்கா, போப்பரசருக்கா என்பதே வழக்கு. பேராயர் என்றால் வெறும் பூசை செய்பவர் அல்லர். பெருநிலமும் படையும் உடையவர். ஆகவே அவ் வழக்கு வானுலகைப் பற்றியதன்று, வயல்வெளியைப் பற்றியது. 1122-இல் வோர்ம்சு நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆனாலும் சண்டை ஓயவில்லை. 1159-இல் இரண்டு போப்பரசர்கள் ஒரே நேரத்தில் தோன்றினர். பிரெடரிக்குப் பார்பரோசா என்னும் பேரரசன் ஒருவரை ஆதரித்தான். பதினெட்டு ஆண்டுகள் இழுபறி. 1176-இல் இலெஞ்ஞானோ என்னுமிடத்தில் வட இத்தாலிய நகரத்தார் அவன் படையை முறியடித்தனர். மறு ஆண்டு வெனிசு நகரில், தான் எதிர்த்து வந்த மூன்றாம் அலெக்சாந்தரின் காலடியில் அப் பேரரசன் விழுந்தான்.

இங்கிலாந்தில் இன்னும் கொடியது. இரண்டாம் என்றி மன்னனும் கேண்டர்பரிப் பேராயர் தாமசு பெக்கெட்டும் முதலில் நண்பர்கள். குற்றம் செய்த சமயத்தாரை அரசன் வழக்குமன்றம் தண்டிக்கலாமா, அவர்கள் தம் சபையே விசாரிக்க வேண்டுமா என்பதில் முறிந்தனர். 1170, திசம்பர் 29-ஆம் நாள், கோயிலுக்குள்ளேயே அரசனின் ஆட்கள் நால்வர் பேராயரை வெட்டிக் கொன்றனர். 1174-இல் அதே அரசன் வெறுங்காலோடு நடந்துவந்து, அக் கல்லறையின் முன் துறவியர் கையால் கசையடி பட்டுக்கொண்டான்.

இவ்வளவும் அங்கே. சரியாக இதே ஆண்டுகளில் நம் பாண்டிய நாட்டில் என்ன நடந்தது என்பதே என் பேச்சு.

பராக்கிரம பாண்டியன் என்ற பெயரைச் சொன்னவுடன் உங்களுக்குச் சிவகாசிக் கோயிற் கதை நினைவுக்கு வரும். காசியிலிருந்து கல்லெடுத்து வந்த பாண்டியன், வழியில் அது இங்கேயே தங்கிவிட்டது என்று நம் பாட்டிமார் சொல்லும் கதை. அந்தப் பாண்டியன் வேறு. அவன் 15-ஆம் நூற்றாண்டினன். 1446-இல் தென்காசிக் கோயிலைத் தொடங்கியவன். நான் சொல்லும் பராக்கிரமன் அவனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முற்பட்டவன். கோயில் கட்டி முடிக்கும் அளவுக்கு வாழக் கொடுத்துவைக்காதவன்.

1166-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரை அரியணையில் பராக்கிரம பாண்டியன் இருந்தான். அதே குடியைச் சேர்ந்த குலசேகர பாண்டியன் அரியணை தனக்கே உரியது என்று படையெடுத்து வந்து மதுரையை முற்றுகையிட்டான். கோட்டைக்குள் அடைபட்ட பராக்கிரமன் யாருக்கு ஓலை விடுத்தான் தெரியுமா? கடலுக்கு அப்பால் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட ஈழவேந்தன் பராக்கிரமபாகுவுக்கு. அவன் 1153 முதல் 1186 வரை ஆண்டவன். ஈழத்தை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தவன். பெரிய ஏரிகளை வெட்டியவன். அழைப்பு வந்ததும் இலங்காபுரன் என்னும் தண்டநாயகனைப் படையோடு அனுப்ப ஆயத்தம் செய்தான்.

அப் படை கடல் கடப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குலசேகரன் மதுரையைப் பிடித்தான். பராக்கிரமனையும் அவன் மனைவியையும் மக்கள் சிலரையும் கொன்றான். தப்பியவன் வீரபாண்டியன் என்னும் இளமகன் ஒருவனே. அவன் மலைநாட்டில் ஒளிந்திருந்தான்.

அழைத்தவன் இறந்துவிட்டான். வந்தவன் திரும்பிப் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. இறந்தவனின் மகனுக்கு முடிசூட்டியே தீர்வது என்று பராக்கிரமபாகு ஆணையிட்டான். இலங்காபுரன் இராமேச்சுரத்தைப் பிடித்தான். அருகே குந்துகாலில் ஒரு கோட்டை எழுப்பி, அதற்குத் தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரிட்டான். பிறகு ஊர் ஊராகப் போர். மானாமதுரை, நெட்டூர், செம்பொன்மாரி, தொண்டி, பாசி, பொன்னமராவதி எனச் சூளவம்சம் என்னும் ஈழத்து நூல் அடுக்கிக்கொண்டே போகிறது. நமக்குப் பேருந்து வழித்தடமாகத் தெரிந்த ஊர்கள்! பொன்னமராவதியில் மூன்று நிலை மாளிகையையும் வீடுகளையும் எரித்ததை அந் நூல் பெருமையாகவே எழுதுகிறது. பின்னர்ச் செகவிசயன் என்னும் இன்னொரு தண்டநாயகனும் துணைப்படையோடு வந்தான். மதுரையில் வீரபாண்டியனுக்கு முடிசூட்டினர். பாண்டிய நாட்டில் பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசு புழங்கச் செய்தனர்.

இங்கே ஒன்றைக் கருதுங்கள். இலங்காபுரனின் படையில் ஈழத்தார் மட்டுமே இருந்தனரா? இல்லை. நாட்டுத் தலைவர் பலர் இன்று அவன் பக்கம், நாளை குலசேகரன் பக்கம் என்று மாறி மாறி நின்றனர். எல்லாரும் தமிழரே. சூளவம்சம் அவர்கள் பெயர்களைப் பட்டியலிட்டே தருகிறது. பாலி மொழியில் நம் ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் கூர்ந்து படித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இப்பொழுது குலசேகரன் என்ன செய்தான்? அவனும் ஓலை எழுதினான். கங்கைகொண்ட சோழபுரத்திற்கு.

அங்கே இரண்டாம் இராசாதிராசன் சோழ வேந்தன். அவனே ஓர் அரியணைச் சிக்கலில் வந்தவன்தான். இரண்டாம் இராசராசன் இறக்கும்போது அவனுடைய மக்கள் ஓராண்டும் ஈராண்டும் நிரம்பிய குழந்தைகள். அவர்களைப் பாதுகாத்து, விக்கிரம சோழனின் மகள்வழிப் பேரனை அழைத்து வந்து முடிசூட்டியவர் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயர். இதை மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. அவரே சோழப்படையை நடத்திப் பாண்டிய நாட்டுக்கு வந்தார்.

தொண்டி, பாசிப் பகுதிகளில் பெரும்போர். முதலில் சோழர் பக்கம் வாடியது. சோழமண்டலமே அஞ்சியது. இந்த அச்சத்தைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று காஞ்சிபுரத்திற்கு அருகே ஆர்ப்பாக்கத்தில் இருக்கிறது. இராசாதிராசனின் ஐந்தாம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 1171. கேண்டர்பரியில் பேராயரின் குருதி காய்ந்த சூட்டோடு சூடாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் கேள்விக்கு விடை இந்தக் கல்லில்தான் இருக்கிறது. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

எதிரிலி சோழச் சம்புவராயன் என்னும் குறுநிலத் தலைவன். ஈழப்படை இராமேச்சுரக் கோயிலில் வழிபாட்டைத் தடுத்து, அதன் செல்வத்தைக் கவர்ந்துவிட்டது. போர் சோழநாட்டை நோக்கி வருகிறது. அவன் என்ன செய்தான்? கௌட நாட்டிலிருந்து, இன்றைய வங்கப் பகுதியிலிருந்து வந்து தங்கியிருந்த உமாபதிதேவர் என்ற ஞானசிவதேவரிடம் ஓடினான். ‘இந்தத் தீயோரை வீழ்த்த நீங்களே வழி செய்ய வேண்டும்’ என்று வேண்டினான். சிவன் கோயிலில் வழிபாட்டைத் தடுத்தவர்கள் தண்டனைக்குரியவர்களே என்று அவரும் இசைந்தார். 28 நாள்கள் இரவும் பகலும் பூசை செய்தார். பிறகு போர்முனையிலிருந்த பல்லவராயரிடமிருந்து ஓலை வந்தது: ஈழப்படை தோற்றோடியது!

சம்புவராயன் மகிழ்ந்தான். பூசை செய்தவருக்கு என்ன கொடுத்தான்? ஆர்ப்பாக்கம் என்னும் ஊரையே கொடுத்தான். இறையிலியாக. முழு ஊரும் ஒருவருக்கே.

அந்த ஊரில் ஏர் பிடித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஏரி மதகைக் காத்தவர்கள் இருந்திருப்பார்கள். பாசியில் வேல் பட்டு மடிந்த மறவனின் மனைவியும் எங்கோ ஓர் ஊரில் இருந்திருப்பாள். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. நான் நாத்திகம் பேசுவதாக எவரும் எண்ண வேண்டா. பூசை செய்தது அவர் நம்பிக்கை. அதில் எனக்கு வழக்கில்லை. வாளேந்தியவன் வென்ற வெற்றிக்கு ஊர் யார் பெயரில் எழுதப்பட்டது என்பதே என் கேள்வி.

சோழர்க்கு இது புதிதன்று. முதலாம் இராசராசனுக்கு ஈசானசிவ பண்டிதர். இராசேந்திரனுக்குச் சருவசிவ பண்டிதர். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திரிபுவனக் கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்தவர் அவன் ஆசான் ஈசுவரசிவர். அரசனுக்கு அருகில் எப்போதும் ஓர் ஆசான் இருந்தார். ஆனால் அவர் போப்பரசர் அல்லர். போப்பரசருக்கெனத் தனி நகர் உண்டு, தனிச் சட்டம் உண்டு, அரசன் கொடுக்காத வருவாய் உண்டு. ‘இவன் திருச்சபைக்குப் புறம்பானவன், இவனுக்குச் செய்த உறுதிமொழி உங்களைக் கட்டாது’ என்று குடிமக்களுக்கு ஓர் ஓலை விட்டால் அரியணை ஆடும். நம் ஆசானுக்கு அது இல்லை. அவருக்கு ஊர் கொடுப்பவன் அரசன். அந்த ஊரைக் காப்பவனும் அரசன். அரசன் எடுக்கும் போர் எதுவாயினும் அவர் அதற்குப் பூசை செய்வார்.

எனவே தம்பி, உன் கேள்விக்கு விடை: நம் அரசன் எவனும் வெறுங்காலோடு வாயிலில் நின்றதாக நான் அறிந்த கல்லெதுவும் சொல்லவில்லை. நிற்க வேண்டிய தேவை அவனுக்கு ஏற்படவில்லை. வாயிலைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தவர் மறுபக்கத்தவர்.

இதனால் மேலைநாட்டார் உயர்ந்தோர் என்று நான் சொல்ல வந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாமசு பெக்கெட்டு உழவனுக்காக உயிர் கொடுத்தவரல்லர். தம் சபையாரைத் தம் சபையே விசாரிக்க வேண்டும் என்பதற்காக நின்றவர். போப்பரசரும் பேரரசரும் அடித்துக்கொண்டபோது எரிந்தவை இத்தாலிய நகரங்கள். ஆனால் அங்கே அரசனைப் பார்த்து ‘கூடாது’ என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. எந்த நோக்கத்தோடு சொன்னாலும் சொல்ல முடிந்தது. குலசேகரனிடமும் பராக்கிரமனிடமும் ‘உடன்குடிச் சண்டைக்கு அயற்படையை அழைக்காதே’ என்று சொல்ல எந்த மடம் எழுந்தது? எந்தக் கோயில் கதவடைத்தது?

சரி, கடலுக்கு அப்பால் எப்படி? அங்கே புத்தம். அங்கும் சங்கம் அரசன் கைக்குள்ளேயே இருந்தது. 1165-ஐ ஒட்டி, பிரிந்து கிடந்த மூன்று பிரிவுத் துறவியரையும் பராக்கிரமபாகு ஒன்றாக்கி, மகாவிகாரை நெறிக்குள் கொண்டுவந்தான். ஒழுக்கம் தவறியோரை வெளியேற்றினான். அதற்கான விதிகளைப் பொலன்னறுவையில் கல்லிலும் வெட்டுவித்தான். இங்கிலாந்து மன்னன் சமயத்தாரை அடக்க விதி எழுதியது 1164. அவன் எழுதியது பேராயரின் குருதியில் முடிந்தது. ஈழத்தில் எழுதியது நின்றது.

பாண்டிய நாட்டில் சிறைபிடித்த தமிழரைக் கடல் கடத்திக் கொண்டுபோய், அனுராதபுரத்துப் பெருந்தூபியைப் பழுதுபார்க்கும் வேலையில் ஈடுபடுத்தினான் பராக்கிரமபாகு. தமிழர் இடித்ததைத் தமிழர் கையாலேயே கட்டுவித்தான் என்று சூளவம்சம் மகிழ்கிறது. கேட்கும்போது நமக்கு நெஞ்சு சுடுகிறது, சுட வேண்டும். ஆனால் அந்தச் சொற்றொடரின் முதற்பாதியையும் நாம் படிக்க வேண்டும். 993-ஐ ஒட்டி இராசராசன் படை ஈழத்தில் இறங்கியது. 1017-இல் இராசேந்திரன் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்தது. பன்னிரண்டு ஆண்டு சோழநாட்டுச் சிறையிலிருந்து 1029-இல் அவன் மாண்டான். சோழர் புத்தப் பள்ளிகளின் பேழையறைகளை உடைத்துப் பொன்னை எடுத்தனர் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இராமேச்சுரத்துச் செல்வத்தை அவர்கள் கவர்ந்தார்கள் என்று ஆர்ப்பாக்கத்தில் நாம் எழுதி வைத்திருக்கிறோம். கோயிலைக் காக்க வந்தோம் என்று இரு பக்கத்தாரும் சொல்லிக்கொண்டனர். இரு பக்கத்துப் பண்டாரங்களும் காலியாயின.

இன்னொரு வேடிக்கை. பாண்டிய வெற்றியின் நினைவாகப் பராக்கிரமபாகு ‘பாண்டுவிசயகம்’ என்று ஓர் ஊரை அமைத்துப் பிராமணர்க்குக் கொடுத்தான். ஆம், புத்தத்தைத் தூய்மை செய்த அதே வேந்தன்! தோற்ற பக்கத்தில் ஓர் ஊர் கொடை. வென்ற பக்கத்தில் ஓர் ஊர் கொடை. பிறகு, 1187 முதல் 1196 வரை பொலன்னறுவையில் ஆண்ட நிசங்கமல்லன், இராமேச்சுரத்தில் கோயில் திருப்பணி செய்து அதற்கு நிசங்கேசுவரம் என்று தன் பெயரையே இட்டதாகக் கல்லில் எழுதிக்கொண்டான். கொள்ளையிட்டதாக நாம் சொல்லும் கோயிலே அது.

சமயமே இச் சண்டையின் வேர் என்று சொல்பவர்களுக்கு நான் ஒரு கல்லைக் காட்டுவேன். அது பொலன்னறுவையில் இருக்கிறது, தமிழில் இருக்கிறது. முதலாம் விசயபாகு 1110-இல் இறந்தபின் வெட்டப்பட்டது. புத்தரின் பல் வைத்த பெரும்பள்ளியைத் தம் உயிர் உள்ளளவும் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் உறுதி கூறும் கல்வெட்டு. முகலன் என்னும் பெருந்துறவி அவர்களை அழைத்துப் பொறுப்பைக் கொடுக்க, அவர்கள் அப் பள்ளிக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாயப் பெரும்பள்ளி’ என்று தம் பெயரையே சூட்டினர். சிங்கள வேந்தன் கட்டிய புத்தப் பள்ளிக்குக் காவல் தமிழ்ப்படை! அதே வேளைக்காரர், முன்பு விசயபாகு சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது மறுத்துக் கிளர்ந்தெழுந்து, அரண்மனைக்கே தீயிட்டவர்கள். அவர்களை எந்தப் பெட்டியில் அடைப்பீர்கள்? தமிழ்ப்பற்றா, சமயப்பற்றா, சோற்றுக் கடனா? மூன்றும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கின்றன.

போருக்குத் திரும்புவோம். ஈழப்படையைப் பல்லவராயர் முறியடித்தார். இலங்காபுரன், செகவிசயன் உள்ளிட்ட தண்டநாயகர்களைக் கொன்று, அவர்கள் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் அறையச் செய்தார். குலசேகரன் மீண்டும் மதுரைக்குள் வந்தான். வரும்போது அந்தத் தலைகளுக்குக் கீழேதான் நுழைந்திருப்பான். சூளவம்சத்தில் இந்தத் தோல்வியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இலங்காபுரன் வென்றான், காசு வழங்கினான் என்பதோடு கதை நின்றுவிடுகிறது. நம் கல்வெட்டில் அவன் பெற்ற வெற்றிகளைத் தேடிப் பாருங்கள், அவையும் கிடைக்கா. ஒரே போர், இரண்டு வெற்றி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவன் வரலாறு படித்தவன் ஆகான்.

இதன் பின் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பராக்கிரமபாகு மாதோட்டம், புலைச்சேரி, மட்டிவாழ், ஊராத்துறை, வலிகாமம் ஆகிய இடங்களில் மீண்டும் கலம் கட்டிப் படை திரட்டினான். இதை அறிந்த அண்ணன் பல்லவராயர் என்னும் சோழ அலுவலர், பராக்கிரமபாகுவின் மருமகனும் ஈழ அரியணைக்கு உரிமை கோரியவனுமான சீவல்லவனைப் படையோடு ஈழத்தில் இறக்கினார். ஊர்கள் எரிந்தன, யானைகள் பிடிபட்டன. கவனித்தீர்களா? பாண்டியன் வீட்டுச் சண்டையில் ஈழத்தான் நுழைந்தான். ஈழத்தான் வீட்டுச் சண்டையில் சோழன் நுழைந்தான். அதே சூழ்ச்சி, கரைதான் வேறு. இவை யாவும் திருவாலங்காட்டுக் கல்வெட்டில் உள்ளன. இராசாதிராசனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு.

உடனே பராக்கிரமபாகு வழியை மாற்றினான். இவ்வளவு நாள் யாரை எதிர்த்துப் போரிட்டானோ அந்தக் குலசேகரனுக்கே பரிசுப் பொருள்களும் ஓலையும் அனுப்பினான். குலசேகரனும் இணங்கினான்! தன்னை அரியணையேற்றிய சோழனை மறந்தான். சோழர்க்கு வேண்டியவர்களான இராசராசக் கற்குடிராயன், இராசகம்பீர அஞ்சுகோட்டை நாடாழ்வான் ஆகியோரை வெள்ளாற்றுக்கு வடக்கே துரத்தினான். மதுரை வாயிலில் அறைந்திருந்த ஈழத் தண்டநாயகர் தலைகளை அகற்றச் செய்தான்.

அந்தத் தலைகளை இறக்கியவனை நான் பலமுறை நினைத்ததுண்டு. ஏணி வைத்து ஆணியைப் பிடுங்கியவன் மதுரைக்காரன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான். அறையும்போது ‘பகைவர் தலை’ என்று சொல்லியிருப்பார்கள். இறக்கும்போது என்ன சொல்லியிருப்பார்கள்?

ஓலை சோழர் கையில் அகப்பட்டது. சோழன் குலசேகரனை விரட்டிவிட்டு வேறொருவனுக்கு முடிசூட்டினான். யாருக்கு? வீரபாண்டியனுக்கு! கொலையுண்ட பராக்கிரமனின் மகனுக்கு. முதலில் ஈழத்தார் யாருக்காகப் படையெடுத்து வந்தனரோ, சோழர் யாருக்கு எதிராக இத்தனை உயிர்களைக் கொடுத்தனரோ அவனுக்கு. முதல் நாளிலேயே இதைச் செய்திருந்தால் தொண்டியும் பாசியும் பொன்னமராவதியும் எரிந்திரா.

அதோடும் நிற்கவில்லை. 1178-இல் பட்டம் பெற்ற மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் வீரபாண்டியனும் ஈழத்தாரோடு சேர்ந்துகொண்டான். அவனைத் துரத்தி விக்கிரம பாண்டியன் என்னும் இன்னொருவனை அமர்த்தினர். வீரபாண்டியன் வேணாட்டுக்கு ஓடினான். ஆகச் சேரநாடும் இதில் சேர்ந்துகொண்டது. மூவேந்தரும் வந்தாயிற்று. மதுரையில் வீராபிடேகமும் விசயாபிடேகமும் செய்துகொண்ட குலோத்துங்கன், பிறகொரு படையெடுப்பில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தையே இடித்தான்.

நீங்கள் சரவெடி கோப்பவர்கள். கருந்திரியில் ஒரு முனையில் பட்ட பொறி எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1216-இல் பட்டம் பெற்ற மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்தான். தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். மண்டபங்களை இடித்தான்; இடித்த இடத்தில் கழுதையைப் பூட்டி உழுது கவடி விதைத்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொண்டான். பிறகு, வென்ற சோழநாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்து, ‘சோணாடு வழங்கியருளியவன்’ என்றும் பட்டம் சூடினான். ஒன்றை மட்டும் இடிக்கவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலை பாடியதற்குப் பரிசாக அமைந்ததாகச் சொல்லப்பட்ட பதினாறுகால் மண்டபத்தை விட்டுவைத்தான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு பேசுகிறது. படிக்கும்போது நமக்குக் கண் கலங்கும். தமிழுக்குத் தலைவணங்கிய பாண்டியன் என்று நானே எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். முழங்கியபோது, அந்த மண்டபத்தைச் சுற்றி எரிந்த தெருக்களைச் சொல்லாமல் விட்டேன். அது பிழை. இன்று சொல்லிவிட்டேன்.

ஐயா, இவ்வளவையும் ஏன் இங்கே சொல்கிறேன்? நம் இயக்க மேடைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. மூவேந்தர் கொடியைத் தூக்கிப் பிடிப்போம். வில்லும் புலியும் கயலும் ஒரே கல்லில் பொறித்தது போலப் பேசுவோம். வீழ்ச்சி என்று வந்தால் ‘அயலார் சூழ்ச்சி’ என்று முடித்துவிடுவோம். அயலார் சூழ்ச்சி இல்லை என்று நான் சொல்லவில்லை. பின்னாளில் 1311-இல் மாலிக்காபூர் மதுரைக்கு வந்தபோதும் பாண்டிய உடன்பிறந்தார் இருவர் அடித்துக்கொண்டுதான் இருந்தனர். ஆனால் 12-ஆம் நூற்றாண்டுப் போரில் முதல் ஓலையை எழுதியவன் தமிழன். இரண்டாம் ஓலையை எழுதியவனும் தமிழன். எழுதியவை நல்ல தமிழில்தான் இருந்திருக்கும். ஒரு வடசொல்லும் கலவாமல்கூட இருந்திருக்கலாம்!

(சிரிப்பு.)

சிரிக்காதீர்கள்; நமக்குத்தான் இது கசப்பு. மொழி ஒன்றாயிருந்தால் மட்டும் போதும், இனம் தானே ஒன்றுபட்டுவிடும் என்று எண்ணுகிறோம். தொண்டியில் எதிரெதிர் நின்ற இரு படையிலும் தமிழில்தான் முரசறைந்தனர்.

நாட்காட்டி அச்சிடும் தம்பிக்கு இன்னொன்று. உங்கள் அச்சகத்தில் இராசராசன் படம் போட்ட தாள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தஞ்சைக் கோயிலைக் கட்டியவனைப் போடாமல் யாரைப் போடுவது? ஆனால் ஒருமுறையாவது ஆர்ப்பாக்கத்துக் கல்லை அச்சிடச் சொல்லி உங்கள் முதலாளியைக் கேட்டுப் பாருங்கள். வாங்க ஆள் இருக்காது என்பார். கேட்டுத்தான் பாருங்களேன்.

கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மூவர் என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நாம் தொலைவு போக வேண்டியதில்லை. திருத்தங்கல் குன்று கூப்பிடு தொலைவில் இருக்கிறது. அங்குள்ள கோயிலில் பாண்டியர் கல்வெட்டுகள் உள்ளன. சிலம்பில் கட்டுரை காதையில் வரும் தங்கால் அதுவே; ஒன்றும் அறியாத ஒருவனைக் காவலர் சிறையிலிட்ட பிழைக்குப் பாண்டிய மன்னன் வருந்தி, அந்த ஊரையே அவனுக்கு அளித்ததாக இளங்கோவடிகள் சொல்லும் ஊர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறைதானே. காலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன். தாளும் கரிக்கோலும் கொண்டு வாருங்கள். குன்றேறிக் கல்லைத் தடவிப் படிப்போம். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம்.